இல்லையும் அல்லவும்

நோயெதிர்ப்பியல் பாடநூல்களில் பதிப்புக்குப் பதிப்பு தொடர்ந்து வரும் ஓர் அட்டவணை உண்டு. இடப்பக்கம் முதுகெலும்பிகளின் வரிசை: தாடையற்ற மீன்கள், சுறாக்கள், எலும்பு மீன்கள், தவளைகள், பறவைகள், பாலூட்டிகள். மேற்பக்கம் எதிர்ப்பொருளின் திறன்கள்: மிகைச் சடுதிமாற்றம், வகை மாற்றம், பிணைப்பு முதிர்ச்சி, முளைமையம். கட்டங்களுக்குள் 'உண்டு' அல்லது 'இல்லை'. மேலிருந்து கீழே வரவர இல்லைகள் குறையும். எலியும் மனிதனும் நிற்கும் கடைசி வரியில் எல்லாம் 'உண்டு' ஆகிவிடும். தேர்வுக்குப் படிக்கும் மாணவர்க்கு இதைவிட வசதியான பக்கம் கிடையாது. ஆனால் அந்த அட்டவணையின் பெரும்பாலான 'இல்லை'கள் பிழையான சொல்லில் எழுதப்பட்டவை. அங்கே வேண்டியது 'அல்ல'.

தமிழில் இவ்விரண்டும் ஒன்றல்ல. 'இல்' என்பது இருப்பை மறுப்பது. 'அல்' என்பது தன்மையை மறுப்பது. 'வீட்டில் பசு இல்லை' என்பதும் 'அது பசு அன்று' என்பதும் வேறு வேறு செய்திகள். பேச்சுத் தமிழ் இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. இரண்டுக்கும் 'இல்ல' என்ற ஒரே சொல் போதுமென்று ஆகிவிட்டது. கன்னடம் இழக்கவில்லை. மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தில் நின்று 'இது ஹெப்பாள் வண்டியா' என்று கேட்டால் நடத்துநர் 'அல்ல' என்பார். 'ஹெப்பாளுக்கு இப்போது வண்டி உண்டா' என்று கேட்டால் 'இல்ல' என்பார். முதல் விடை கேட்டவர் அடுத்த நடைமேடைக்குப் போவார். இரண்டாம் விடை கேட்டவர் ஆட்டோ தேடுவார். மறுப்புச் சொல் மாறினால் அடுத்துச் செய்ய வேண்டிய செயலே மாறிவிடுகிறது. ஆய்வகத்திலும் அப்படியே. 'மீனில் முளைமையம் இல்லை' என்று படித்தவர் தேடுவதை நிறுத்துகிறார். 'மீனில் உள்ளது எலியின் முளைமையம் அன்று' என்று படித்தவர், பின் என்னதான் உள்ளது என்று கேட்கிறார்.

இந்த விவாதத்தின் நடுவில் இருப்பது ஒரு சிறிய நொதி. 1999இல் கியோத்தோவில் தசுகு ஹொஞ்சோவின் ஆய்வுக்குழு எலியின் பி செல்களிலிருந்து அதைக் கண்டெடுத்தது. ஆங்கில முதலெழுத்துகளால் ஏஐடி என்று வழங்கப்படுகிறது. மனிதரில் அதன் நீளம் 198 அமினோ அமிலங்கள் மட்டுமே. 2000இல் இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. ஒன்று, இந்நொதியின் மரபணு நீக்கப்பட்ட எலிகளைப் பற்றியது. மற்றொன்று, பிறவியிலேயே அது பழுதுபட்ட மனித நோயாளிகளைப் பற்றியது. இரண்டிலும் ஒரே காட்சி: ஐஜிஎம் வகை எதிர்ப்பொருள் மிகுந்திருந்தது, பிற வகைகளுக்கு மாறவில்லை, சடுதிமாற்றங்களும் சேரவில்லை.

நொதி செய்யும் வேலை வேதியியலில் மிக எளியது. டிஎன்ஏவிலுள்ள சைட்டோசினின் அமினோ தொகுதியை நீக்கி அதை யுராசிலாக்கும். அவ்வளவே. டிஎன்ஏவில் இருக்கக் கூடாத எழுத்து யுராசில். செல் அதைக் கண்டதும் என்ன செய்கிறது என்பதில்தான் மீதிக் கதை எல்லாம் அடங்கியிருக்கிறது. பழுதுபார்க்காமல் அப்படியே நகலெடுத்தால் ஓர் எழுத்து மாறும். யுராசிலை வெட்டியெடுத்து, அந்த இடத்தைப் பிழை மிகுந்த முறையில் நிரப்பினால் பிற எழுத்துகளும் மாறும். இரு இழைகளும் அருகருகே வெட்டுண்டால் டிஎன்ஏ முறிந்து, எதிர்ப்பொருளின் அடிப்பகுதி வேறொன்றால் மாற்றப்படும். இதுவே வகை மாற்றம். முறிவின் அருகே ஒத்த வரிசை ஒன்று இருந்து, அதைப் பார்த்து எழுதிக்கொண்டால் மரபணு மாற்றேற்றம். நொதி ஒன்று, வேதிவினை ஒன்று, விளைவுகள் பல. இதைக் கண்டறிந்தவரிடையேகூட முதலில் உடன்பாடு இருக்கவில்லை. நொதி ஆர்என்ஏவைத் திருத்துகிறது என்ற கருதுகோளை ஹொஞ்சோ நெடுங்காலம் முன்வைத்தார். அது டிஎன்ஏவையே தாக்குகிறது என்று 2002இல் கேம்பிரிட்ஜில் மைக்கேல் நியூபர்கரின் குழு, ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் நொதியைச் செலுத்திக் காட்டியது. எதிர்ப்பொருளே இல்லாத ஓர் உயிரி அந்த வழக்கை முடித்துவைக்க உதவியது என்பது கவனிக்கத் தக்கது.

தொல்காப்பியம் 'உம்' என்னும் இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள் சொல்கிறது. எட்டு 'உம்'கள் இருப்பதாக அது சொல்லவில்லை. எண்ணுப் பொருளா, ஐயமா, சிறப்பா என்பதை வாக்கியம் தீர்மானிக்கிறது. ஏஐடியும் அத்தகையது. 'கோழியின் ஏஐடி மரபணு மாற்றேற்றம் செய்யும், எலியின் ஏஐடி சடுதிமாற்றம் செய்யும்' என்று வகுப்பில் சொல்வது, வாக்கியத்தின் பொருளை இடைச்சொல்லின் தலையில் ஏற்றுவது போன்றது.

கோழியிலேயே இதற்குச் சான்று கிடைத்தது. கோழியின் எதிர்ப்பொருள் இலகு சங்கிலிக்கு வேலை செய்யும் 'வி' மரபணு ஒன்றே ஒன்று. அதன் பக்கத்தில் ஏறத்தாழ 25 போலி மரபணுக்கள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றால் தாமாகப் புரதம் ஆக்க முடியாது. ஆனால் அவற்றிலிருந்து துண்டு துண்டாகப் படியெடுத்து அந்த ஒரே மரபணுவில் எழுதிக்கொள்ளலாம். 2002இல் கோழியின் டிடி40 செல்வரிசையில் ஏஐடியை நீக்கியபோது இந்தப் படியெடுப்பு நின்றுபோனது. பின்னர் 2004இல் நொதியை விட்டுவிட்டு, போலி மரபணுக்களை நீக்கிப் பார்த்தார்கள். படியெடுக்க ஏடு இல்லாத நிலையில், அதே கோழியின் அதே நொதி எலியில் நடப்பது போன்ற மிகைச் சடுதிமாற்றத்தைத் தொடங்கியது. அதற்கு முன்பே, 2001இல், டிஎன்ஏ பழுதுபார்ப்புப் புரதங்கள் சிலவற்றை நீக்கினாலும் அதே திசைமாற்றம் நிகழ்வதைக் காட்டியிருந்தார்கள். கோழியில் 'மிகைச் சடுதிமாற்றம் குறைவு' என்று கட்டத்தில் எழுதுவோர், குறைவு நொதியில் இல்லை, அக்கம்பக்கத்தில் வேறொன்று நிறைவாக இருக்கிறது என்பதையும் எழுத வேண்டும்.

எலும்பு மீன்களின் கதை இன்னும் கூர்மையானது. அட்டவணை சொல்கிறது: வகை மாற்றம் இல்லை. உண்மைதான். ஆனால் மாணவர் மனத்தில் அது எப்படிப் பதிகிறது? 'மீனின் நொதி இன்னும் வளர்ச்சி பெறவில்லை' என்று. 2005இல் எலும்பு மீன்களின் ஏஐடியை எலியின் பி செல்களுக்குள் வைத்துப் பார்த்தார்கள். அங்கே அது வகை மாற்றத்தைச் செவ்வனே செய்தது. தன் வீட்டில் ஒருநாளும் செய்யாத வேலையை அயல்வீட்டில் செய்து காட்டிய நொதி அது. மீனிடம் இல்லாதது நொதி அன்று, அந்நொதி வெட்டுவதற்கேற்ற டிஎன்ஏ பகுதிகள். அதற்கடுத்த செய்தி இன்னும் சுவையானது. மீனுக்கு எதிர்ப்பொருள் வகைகளே கிடையாதா என்றால், உண்டு. ஐஜிடி, ஐஜிஇசட் என்ற பெயர்களில் 2005இல் வெளிப்பட்ட வகை, குடலின் சளிப்படலத்தைக் காக்கும் தனிப்பணியில் இருப்பதாக 2010இல் டிரவுட் மீனில் காட்டப்பட்டது. எந்த வகை என்பதை மீன், ஏஐடி வருவதற்கு முன்பே, ராக் நொதிகள் மரபணுத் துண்டுகளை இணைக்கும் கட்டத்திலேயே முடிவு செய்துவிடுகிறது. நாம் பின்னால் மாற்றிக்கொள்வதை மீன் முன்னால் தேர்ந்துகொள்கிறது. இதற்கு 'இல்லை' என்று எப்படி எழுதுவது?

ராக் என்றதும் பெங்களூருக்கு நினைவு வர வேண்டிய ஒன்று உண்டு. இந்திய அறிவியல் கழகத்தின் உயிர்வேதியியல் துறையில் சதீஷ் ராகவனின் ஆய்வகம் இந்நொதியின் மறுபக்கத்தை, அதாவது எதிர்ப்பொருள் மரபணுக்களை வெட்ட வேண்டிய கத்தி பிற இடங்களில் டிஎன்ஏவின் வடிவப் பிறழ்வுகளைக் கண்டு வெட்டிவிடுவதையும், அதனால் நிணநீர்ப் புற்றுகள் தோன்றும் வழியையும் நெடுநாளாக ஆராய்ந்து வருகிறது. அந்த வரிசையின் தொடக்கமான, பிசிஎல்2 மரபணுவின் முறிவிடம் பற்றிய கட்டுரை 2004இல் வெளியானது. எதிர்ப்பொருள் பன்மையாக்கும் நொதிகளின் ஆபத்தைப் பற்றி இந்நகரத்துக்கு நன்றாகத் தெரியும். அவற்றின் பன்மையைப் பற்றித்தான் வகுப்பறைகளில் பேச்சு குறைவு.

நொதியே எங்கும் ஒரே மாதிரி என்றும் சொல்லிவிட முடியாது. மனிதரின் ஏஐடி வியப்பளிக்கும் அளவு மந்தமானது. அதன் வினைக்குழி பெரும்பாலான நேரம் மூடியே கிடக்கிறது என்பது 2015இல் வெளியான ஆய்வு. இந்த மந்தத்தைக் குறை என்று படிப்பதற்குமுன், நொதி வழிதவறினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்: பர்கிட் லிம்போமாவில் காணப்படும் மரபணு இடமாற்றத்துக்கு அடிகோலுவது இதே ஏஐடி. ஸீப்ரா மீனின் ஏஐடி பல மடங்கு சுறுசுறுப்பானது. அதற்கேற்ற வெப்பநிலை மனித உடலினதைவிடக் குறைவு. மனிதரிலும் எலியிலும் நொதியின் 38ஆம் இடத்திலுள்ள செரினில் பாஸ்பேட் ஏற்றப்பட்டால்தான் அது முழு வீச்சில் இயங்கும். உத்தியா பாசு முதலியோர் 2008இல் காட்டியது என்னவென்றால், ஸீப்ரா மீனில் அந்தச் செரின் கிடையாது, ஆனால் 44ஆம் இடத்தில் ஓர் அஸ்பார்டிக் அமிலம் நிரந்தரமாக அமர்ந்து பாஸ்பேட்டின் வேலையைப் பார்க்கிறது. பாலூட்டியில் பொத்தானாக இருப்பது மீனில் எப்போதும் அழுத்தியே வைக்கப்பட்டிருக்கிறது. (ஸீப்ரா மீன் நம் மண்ணின் மீன். பிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் கங்கை மீன்களைப் பற்றிய நூலில் அதை விவரித்தார். இன்று பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் அதைக்கொண்டு நரம்பியல் ஆய்வுகள் நடக்கின்றன. வயலோரக் கால்வாயில் திரியும் மீனை நாம் அயல்நாட்டு ஆய்வேடுகளின் வழியே அறிமுகம் செய்துகொண்டோம்.)

இப்போது முளைமையத்துக்கு வரலாம். குளிர்குருதி விலங்குகளில் முளைமையம் இல்லை என்பது ஐயமற்ற உண்மையாகப் பல தலைமுறைகளுக்குக் கற்பிக்கப்பட்டது. தவளைகளைப் பற்றி 1992இல் வந்த ஒரு கட்டுரை, தலைப்பிலேயே சரியான கேள்வியைக் கேட்டது: அவற்றின் பிணைப்பு முதிர்ச்சியைக் கட்டுப்படுத்துவது சடுதிமாற்றத்தின் வேகமா, மாறியவற்றைத் தேர்ந்தெடுக்கும் ஆற்றலா? சடுதிமாற்றம் போதிய வேகத்தில் நிகழ்வதையும், தேர்வே தளர்ந்திருப்பதையும் அது காட்டியது. பிறகு 2023. அந்த ஒரே ஆண்டில் நர்ஸ் சுறாவின் மண்ணீரலில் ஒழுங்கமைந்த பி செல் நுண்ணறைகளும், டிரவுட் மீனின் மண்ணீரலில் முளைமையத்தை ஒத்த கட்டமைப்புகளும் தனித்தனிக் குழுக்களால் விவரிக்கப்பட்டன. அங்கே செல்கள் பெருகுகின்றன, ஏஐடி இயங்குகிறது, சடுதிமாற்றங்கள் சேர்கின்றன, தேர்வும் நடக்கிறது. சுறாக்கள் 2023இல் இவற்றைப் புதிதாகப் பெற்றுக்கொள்ளவில்லை. எலியின் நிணநீர்க் கணுவில் சாயமேற்றிப் பார்த்த உருவத்தை வேறோர் உறுப்பில், வேறோர் அமைப்பில் எதிர்பார்த்து, காணாததால் 'இல்லை' என்று எழுதியிருந்தார்கள்.

மொழியியல் இந்த வழியில் முன்பே நடந்து கால் இடறியிருக்கிறது. ஐரோப்பியப் பாதிரிமார் எழுதிய இலக்கணங்களில் தமிழ் இலத்தீனின் சட்டகத்துக்குள் திணிக்கப்பட்டது. நம் இலக்கண மரபிலும் வேற்றுமைகளை எட்டாக எண்ணும் வழக்கம் வடமொழி அச்சைப் பின்பற்றியது என்ற கருத்தைக் கால்டுவெல் 1856இலேயே எழுப்பினார். ஒட்டுநிலை மொழிகள் 'இன்னும்' உட்பிணைப்பு நிலையை எட்டவில்லை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் கற்றறிந்தோர் எழுதினர். அந்த 'இன்னும்' இன்று எந்த மொழியியல் வகுப்பிலும் செல்லாது. நோயெதிர்ப்பியலில் 'கீழ்நிலை முதுகெலும்பிகள்' என்ற தொடர் இன்றும் கூச்சமின்றி எழுதப்படுகிறது. தமிழில் அதை எழுதும்போது இன்னும் இயல்பாக இருக்கிறது. ஏனெனில் ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை அடுக்கிய மரபு நமக்குப் பள்ளியிலேயே பழகிவிட்டது. தொல்காப்பியர் புலன்களை எண்ணினார். அவர் அளவுகோலை அவரே தெளிவாகச் சொல்லிவிட்டார். எதிர்ப்பொருளை வைத்து ஏணி கட்டுவோர் தம் அளவுகோல் எலி என்பதைச் சொல்வதில்லை.

ஏணி எவ்வளவு பயனற்றது என்பதை அறிய அட்லாண்டிக் காட் மீன் ஒன்று போதும். அதன் மரபணுத்தொகுதி 2011இல் வெளியானபோது, எம்எச்சி இரண்டாம் வகுப்பு அமைப்பையே அது இழந்திருப்பது தெரியவந்தது. 2022இல் கனடாவின் நியூபவுண்ட்லாந்து ஆய்வாளர்கள் காட் குடும்ப மீன்களின் ஏஐடி செயலற்றுப்போனதைக் காட்டினார்கள். அதற்கு அவர்கள் கையாண்ட முறை மொழியியலாளர் கண்களை விரியச் செய்யும். இன்றுள்ள மீன்களின் நொதி வரிசைகளை ஒப்பிட்டு, அவற்றின் மூதாதை நொதிகளின் வரிசையைக் கணித்து, அந்தப் புரதங்களை ஆய்வகத்தில் உருவாக்கி, அவை சைட்டோசினை மாற்றுகின்றனவா என்று சோதித்தார்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு, கூய், பிராகூய் ஆகியவற்றை ஒப்பிட்டு மூலத் திராவிடத்தின் சொல்லை மீட்டமைப்பதும் இதே தருக்கம்தான். நாம் மீட்டமைத்த சொல்லின் முன்னால் ஓர் உடுக்குறியிட்டு நிறுத்திவிட வேண்டும். அதைப் பேசிக் காட்ட எவரும் இல்லை. அவர்கள் மீட்டமைத்த நொதி குழாய்க்குள் பேசியது. மூதாதையில் இயங்கியது, குளிர்நீருக்குப் பழகிய கிளையில் இயக்கம் இழந்தது. ஆகவே காட் மீனின் கட்டத்தில் உள்ள 'இல்லை' உண்மையான 'இல்லை'. ஆனால் அதன் பொருள் 'இன்னும் எட்டவில்லை' என்பதன்று; 'இருந்தது, விட்டுவிட்டது' என்பது. அப்படி விட்ட மீன் அழிந்துபோகாமல் கடல் நிறைய வாழ்கிறது.

வரிசையின் மறுமுனையில் லாம்ப்ரே. தாடையற்ற இம்மீனுக்கு நாம் அறிந்த எதிர்ப்பொருளே கிடையாது. வேறு புரதக் குடும்பத்திலிருந்து, வேறு வழியில் அது தன் ஏற்பிகளைக் கட்டிக்கொள்கிறது என்பது 2004இல் வெளிப்பட்டது. 2007இல் அதனிடம் ஏஐடியின் உறவுக்கார நொதிகள் இரண்டு இருப்பது தெரிந்தது. அந்த ஆய்வில் பங்கேற்ற லட்சுமிநாராயண் ஐயர், எல். அரவிந்த் ஆகியோர் பின்னர் 2011இல், இத்தகைய நொதிகளின் வேர் பாக்டீரியாக்கள் ஒன்றையொன்று தாக்கப் பயன்படுத்தும் நச்சுகளில் இருப்பதாக வாதிட்டார்கள். 2018இல் அருண்குமார் கிருஷ்ணனும் அவர்களும் இக்குடும்பத்தின் கிளைகள் முதுகெலும்பற்ற விலங்குகள் பலவற்றில் பரவியிருப்பதைக் காட்டினர். லாம்ப்ரேயின் இரு நொதிகளுள் இரண்டாவதை நீக்கினால் அதன் எதிர்ப்பொருள் போன்ற ஏற்பி உருவாவதில்லை என்பது 2020இல் உறுதியானது. முதலாவது நொதி இப்போது தோட்டக்கலைக்குள் புகுந்துவிட்டது. 2016இல் ஜப்பானின் கோபே பல்கலைக்கழகத்தார் அதை கிரிஸ்பர் கருவியோடு இணைத்து மரபணுவின் ஓரெழுத்தைத் திருத்தும் முறையை உருவாக்கினர். மறு ஆண்டே நெல்லிலும் தக்காளியிலும் சோதித்தனர். அட்டவணையில் அத்தனை 'இல்லை'களோடு முதல் வரியில் நிற்கும் விலங்கு தந்த கருவி அது.

இவையெல்லாம் அயல்நாட்டு மீன்களின் கதை, நமக்கென்ன என்று கேட்போர்க்காக இரண்டு வீட்டு விலங்குகள்.

முதலில் பசு. 1999இல் கெல்ப் பல்கலைக்கழகத்தில் சைனி, ஆசாத் கௌஷிக் முதலியோர் மாட்டின் எதிர்ப்பொருளில் அதுவரை காணாத நீளமுள்ள ஒரு கொக்கிப் பகுதியைக் கண்டார்கள். மனித எதிர்ப்பொருளில் அந்த மூன்றாம் பகுதி பெரும்பாலும் பத்துப் பதினைந்து அமினோ அமிலங்களைச் சுற்றியே இருக்கும். மாட்டில் ஒரு பங்கு எதிர்ப்பொருள்களில் அது 60ஐயும் தாண்டும். மாட்டிடம் 'வி' மரபணுக்களின் இருப்பு மிகச் சிறியது. அக்குறையை அது வேறு வகையில் ஈடுசெய்கிறது. அந்த நீண்ட பகுதிக்கான டிஎன்ஏ, ஏஐடி விரும்பித் தாக்கும் எழுத்துக்கூட்டுகளால் நிறைந்தது. அங்கே நிகழும் சடுதிமாற்றங்கள் புதிய சிஸ்டீன்களை உண்டாக்கி, நீண்ட கொக்கியின் மடிப்புகளையே மாற்றிவிடுகின்றன. ஓரெழுத்துப் பிழை இங்கே முழு வடிவத்தையும் மாற்றுகிறது. 2017இல் எச்ஐவியின் மேற்புரதத்தை நான்கு கன்றுகளுக்குச் செலுத்தியபோது, ஒரு கன்றின் சீரம் 42 நாட்களில் சோதித்த வைரஸ் வகைகளுள் 20 விழுக்காட்டையும், 381 நாட்களில் 96 விழுக்காட்டையும் செயலிழக்கச் செய்தது. மனிதரில் இத்தகைய எதிர்ப்பொருள் சிலருக்கே, அதுவும் பல ஆண்டுகளுக்குப் பின்னரே வருகிறது.

2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாடுகள் 19 கோடிக்கு மேல், எருமைகள் ஏறத்தாழ 11 கோடி. அதே ஆண்டில் தொடங்கிய தேசியத் திட்டம் கோமாரிக்கு எதிராக ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போடச் சொல்கிறது. அந்தத் தடுப்பூசி தயாராகும் இடங்களுள் ஒன்று ஹெப்பாளில், இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் பெங்களூரு வளாகம். அருகிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி. யெலகங்காவில் கால்நடை நோய்ப்பரவியலுக்கென்றே ஒரு தேசிய நிறுவனம். இந்திய அறிவியல் கழகத்திலிருந்து மேக்ரி சர்க்கிள் வழியே பல்லாரி சாலையில் ஏறினால் ஹெப்பாள் சில கிலோமீட்டர்தான். இச்சிறு தொலைவுக்குள், உலகின் மிக விசித்திரமான எதிர்ப்பொருள்களை உடைய விலங்குக்குத் தடுப்பூசி ஆக்குவோரும், எதிர்ப்பொருள் மரபணுக்களை வெட்டும் நொதிகளை அணுவளவில் அறிந்தோரும் இருக்கிறார்கள். இரு தரப்பின் மாணவர்களும் ஒரே பாடத்தை ஒரே மேசையில் படிக்க இதைவிடப் பொருத்தமான நகரம் எது?

இரண்டாவது கோழி. 1950களில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற மாணவர், கோழியின் வால்புறத்திலுள்ள பேப்ரீசியஸ் பையை நீக்கி வளர்த்த பறவைகளை வைத்திருந்தார். திமோதி சாங் என்ற மற்றொரு மாணவருக்கு வகுப்பில் எதிர்ப்பொருள் உண்டாவதைச் செய்துகாட்டச் சில கோழிகள் தேவைப்பட்டன. அவற்றை வாங்கிக்கொண்டு போனார். எதிர்ப்பொருள் உண்டாகவில்லை. தோற்றுப்போன அந்தச் செய்முறைதான் பி செல்லின் கண்டுபிடிப்பு. 'பி' என்ற எழுத்தே ஆங்கிலத்தில் அந்தப் பையின் முதலெழுத்து. கட்டுரையை 'சயின்ஸ்' இதழ் ஏற்கவில்லை. 1956இல் கோழியியல் இதழ் ஒன்றில் வெளியாகி, மனித மருத்துவத்தார் கண்ணில் படாமல் சில ஆண்டுகள் கிடந்தது.

நாமக்கல் பண்ணையாளர்க்கு இந்தப் பை கம்போரோ நோயின் வழியே அறிமுகம். குஞ்சுப் பருவத்தில் வைரஸ் அந்தப் பையைத் தாக்கி பி செல்களை அழிக்கிறது. ஏஐடி போலி மரபணுக்களிலிருந்து படியெடுத்துப் பன்மையை உண்டாக்குவது அங்கே, அந்த வாரங்களில்தான். தப்பிப் பிழைத்த குஞ்சு பின்னர் வெள்ளைக்கழிச்சலுக்குப் போட்ட ஊசிக்குச் சரியாகப் பலன் காட்டாது. எலியை மட்டும் படித்தவர்க்கு இது புரிவது கடினம். ஏனெனில் எலியில் பி செல் உற்பத்தி எலும்பு மச்சையில் வாழ்நாள் முழுதும் தொடர்கிறது, இழந்ததை ஈடுசெய்யலாம். கோழிக்குப் பை ஒரு பருவகாலப் பட்டறை. அது மூடிய பிறகு மீண்டும் திறக்காது. தடுப்பூசி அட்டவணையில் நாள்களின் முன்பின் ஏன் அத்தனை முக்கியம் என்பதைப் பண்ணையாளர் அனுபவத்தில் அறிவார். அதன் காரணம் ஒரு நொதி வேலை செய்யும் இடத்திலும் காலத்திலும் இருக்கிறது.

எதிர்வாதம் எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. எலிக்குச் செல்களை இனம்பிரிக்கும் குறிப்பான்கள், மரபணு நீக்கிய வகைகள், அரை நூற்றாண்டுத் தரவு எல்லாம் உண்டு. மாட்டுக்கும் கெண்டைக்கும் அவற்றுள் ஒரு சிறு பங்கே கிடைக்கிறது. முனைவர் பட்டத்துக்கு ஐந்து ஆண்டு உதவித்தொகை பெறும் மாணவர், கருவி இல்லாத விலங்கைத் தேர்ந்து தன் காலத்தைப் பணயம் வைக்க வேண்டும் என்று எவரும் கட்டளையிட முடியாது. மேலும் ஏஐடியின் வேதியியல் எங்கும் ஒன்றே என்பதால்தான் எலியில் கற்றது இத்தனை தூரம் பயன்பட்டது. மீனின் நொதி எலியின் செல்லில் இயங்கியதே அதற்குச் சான்று. இதை ஏற்றுக்கொண்ட பிறகும் அட்டவணை திருத்தப்பட வேண்டியதே. எலியைப் பயன்படுத்துவது ஒன்று. எலியை இலக்கணமாக்கி, ஏனையவற்றை அதன் வழூஉச் சொற்களாகப் படிப்பது வேறு. கருவி இல்லாமை ஆய்வாளரின் நிலை. அதை விலங்கின் குணமாக அச்சிடக் கூடாது.

திருத்தம் பெரிய செலவும் அன்று. ஒவ்வொரு 'இல்லை'யையும் நான்காகப் பிரித்து எழுதலாம். வேறோர் உறுப்போ வேறொரு நொதியோ அந்த வேலையைச் செய்வது ஒரு வகை. மீனின் ஐஜிடி அங்கே வரும். நொதி இருந்தும் இலக்கு டிஎன்ஏ இல்லாதது இன்னொன்று. மீனின் வகை மாற்றம். இருந்து இழந்தது மூன்றாவது, காட். இன்னும் சோதிக்கப்படாதது நான்காவது, அதை வெற்றுக் கட்டமாகவே விடலாம். தேர்வில் 'எலும்பு மீன்களில் வகை மாற்றம் ஏன் நிகழ்வதில்லை' என்ற வினாவுக்கு 'அவை கீழ்நிலை உயிரிகள்' என்று எழுதுபவர்க்கும், 'நொதி உண்டு, அது வெட்டும் பகுதி இல்லை' என்று எழுதுபவர்க்கும் ஒரே மதிப்பெண் கிடைக்கும் நிலை அப்போதாவது மாறும்.

அந்த அட்டவணையைக் கன்னடத்தில் பெயர்க்க முனைபவர் முதல் கட்டத்திலேயே நின்றுவிடுவார். 'இல்ல' என்று எழுதுவதா, 'அல்ல' என்று எழுதுவதா என்பதைத் தீர்மானிக்காமல் அம்மொழியில் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது.